கடைசி கிரேடு யாருக்கு?

சாப்பாட்டு மணி அடித்து வெகுநேரம் ஆகியும் மேலாளர் எழுந்து வரவில்லை. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் மேஜைமேல் கவிழ்ந்திருந்தார். காலையிலிருந்து மூன்று பேருக்கும் வருடாந்திர மதிப்பீடு சொல்லி முடித்த களைப்பில் கண்ணயர்ந்துவிட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். கடைசியில் மைக்தான் கதவைத் தள்ளிக்கொண்டு போய், "சார், சாப்பாடு ஆறிடும்" என்று தோளைத் தொட்டான். தொட்ட பக்கமே உடம்பு சரிந்தது.

'மைக்' என்பது அவனுடைய குரலுக்குக் கிடைத்த பெயர். அன்றைக்கு அவன் போட்ட அலறல் இரண்டு மாடி தாண்டிக் கீழ்த்தளத்தில் வேலை செய்தவர்களுக்கும் கேட்டது.

குழாய்களுக்கும் கதவுப் பிடிகளுக்கும் முலாம் பூசுகிற தொழிற்சாலை அது. கீழே முலாம் தொட்டிகள். மேலே அந்தத் தொட்டிகளின் கலவையைச் சோதிக்கிற பரிசோதனைக் கூடம். கூடத்தில் மொத்தமே நான்கு பேர்: மேலாளர், மைக், வயதில் மூத்த சோதனையாளரான கண்ணாடிக்காரர், இன்னொரு சோதனையாளரான ஒரு பெண்மணி. எழுத்துப் பிழை எங்கே கண்டாலும் திருத்தாமல் விடமாட்டார் என்பதால் அவருக்கு 'டீச்சர்' என்று பெயர்.

மதியம் இரண்டரை மணிக்கு ஆய்வாளர் வந்து சேர்ந்தாள். விசாரணையில் துருவித் துருவிக் கேட்பவள் என்பதால் காவல் நிலையத்தில் அவளுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. துருவி. முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை. அவளுக்குத் தெரியும் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

துருவி கதவருகே நின்றபடியே அறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். மேஜை, இரண்டு நாற்காலிகள். மேலாளரின் முதுகுக்குப் பின்னால், கை நீட்டினால் எட்டும் உயரத்தில் ஓர் அலமாரித் தட்டு. அதில் மூடி போட்ட எவர்சில்வர் டப்பா. மேஜைமேல் பாதி காலியான காகிதக் கோப்பையில் கறுப்புக் காபி. கோப்பைக்குள் சாய்ந்து நிற்கும் மெல்லிய மரக்குச்சி. பக்கத்தில் மடித்த காகிதத்தின்மேல் ஈரம் காயாத ஒரு ஸ்பூன். குப்பைக் கூடை காலி.

"விஷம்தான்," என்றார் மருத்துவர். "தொட்டியில கலக்கற உப்பு. வாய்க்குப் போனா நிமிஷத்துல முடிஞ்சிடும். பார்க்கச் சர்க்கரை மாதிரியே இருக்கும்."

அந்த உப்பு பரிசோதனைக் கூடத்தில் பூட்டிய அலமாரியில் இருந்தது. சாவி மூன்று பேரிடமும் இருந்தது.

துருவியோடு வந்திருந்த ஏட்டு கோப்பையைப் பையில் போட்டுக்கொண்டே, "மேடம், சோதனைக்கூடத்திலேயே நிக்கிறோம். இங்கேயே சோதிச்சுட்டா என்ன?" என்றார்.

"சோதிக்கத் தெரிஞ்ச மூணு பேரும் சந்தேகத்துல இருக்காங்க ஏட்டய்யா."

ஏட்டு பையை இறுக முடிச்சுப் போட்டார்.

முதலில் வாயைத் திறந்தவர் மனிதவள அதிகாரி. ஹெச்.ஆர். மேடம் என்றால்தான் அங்கே எல்லோருக்கும் தெரியும். கசங்காத உடை, கலையாத தலைமுடி. செத்த செய்தியைக் கூட்ட அறிவிப்பு மாதிரிச் சொன்னார்.

"எங்க கம்பெனியில நாலு கிரேடு. ஒவ்வொரு பிரிவிலும் ஒருத்தருக்குக் கட்டாயம் கடைசி கிரேடு போடணும். கடைசி கிரேடு வாங்கினவங்களுக்கு மூணு மாசம் டைம். அப்புறம் வேலை இல்ல."

"எல்லாரும் நல்லா வேலை செஞ்சா?"

"அப்பவும் ஒருத்தர் கடைசியா இருப்பாங்க இல்லையா?" சின்னக் குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னார். "இன்னிக்குக் காலையில நான் அந்தப் பக்கமா போனேன். உள்ள மைக் கத்திட்டிருந்தான். 'இப்படிப் பண்ணா நான் சும்மா விடமாட்டேன் சார்'னு. அலமாரியைக் கையால குத்தினான். மேலே நான் என்ன சொல்ல?"

"யாருக்குக் கடைசி கிரேடு போட்டிருந்தார்?"

"அது ரகசியம். தலைமை அலுவலகம் அனுமதிச்சாதான் சொல்ல முடியும்."

துருவி மூன்று பேரையும் தனித்தனியாகக் கூப்பிட்டாள்.

மைக் வந்து உட்கார்ந்தான். அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"கத்தினியா?"

"கத்தினேன்."

"சும்மா விடமாட்டேன்னு சொன்னியா?"

"சொன்னேன். அவர் பண்ணது அநியாயம் மேடம்."

"உனக்குக் கடைசி கிரேடு போட்டாரு. அதான?"

"எனக்கா? எனக்கு ரெண்டாவது கிரேடு. அவர் தன் பேரையே கடைசியில எழுதிட்டாரு மேடம். 'நாலு பேர்ல ஒருத்தர்னுதானே சொல்லியிருக்காங்க, நானும் அந்த நாலுல ஒருத்தன்தானே'ன்னு சிரிக்கிறாரு. எனக்குத் தாங்கல. ஹெச்.ஆர்.கிட்டப் போய்ச் சண்டை போடறேன், சும்மா விடமாட்டேன்னு கத்தினேன். அது கொலை மிரட்டலாப் போச்சு."



"அதுக்கு முன்னாடி? உனக்குத்தான் கடைசி கிரேடு வரும்னு நினைச்சியா?"

"நினைக்கறதென்ன, ஹெச்.ஆர். மேடமே போன வாரம் காதுல போட்டாங்க. 'உன் பேர்தான் அடிபடுது, வெளியில சொல்லாதே'ன்னாங்க. வருஷா வருஷம் எனக்கு 'குரலைக் குறைக்கவும்'னு எழுதுவாங்க மேடம். முலாம் சோதிக்கிறதுக்கும் குரலுக்கும் என்ன சம்பந்தம்?"

அடுத்து வந்த கண்ணாடிக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பேசினார்.

"எனக்கு எப்பவும் ஒரே வரிதான். 'வேகம் போதாது.' போன வருஷ வரியைத்தான் இந்த வருஷமும் ஒட்டுவாங்க. இந்தத் தடவை சார் அதை எடுத்துட்டார். 'நிதானமா செய்யறதாலதான் உங்க முடிவு தப்பாறதில்ல'ன்னு எழுதியிருந்தார். நான் என் வீட்டுக்காரிக்கு போன் பண்ணி படிச்சுக் காட்டினேன்."

"உங்களுக்குத்தான் கடைசி கிரேடுன்னு யாராவது முன்னாடி சொன்னாங்களா?"

அவர் தயங்கினார். "சொல்லக்கூடாதுன்னு சொல்லித்தான் சொன்னாங்க. ஹெச்.ஆர். மேடம்."

துருவி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மேலாளர் காபி எப்படிக் குடிப்பார்?"

"கறுப்புக் காபி. வராந்தா மெஷின்ல சர்க்கரை இல்லாததா எடுக்கணும். மெஷின் சர்க்கரை அவருக்கு ஆகாது. தன் டப்பாலேர்ந்து ஸ்பூன் கணக்கா தானே போட்டுக்குவார். அந்த டப்பாவை வேற யாரும் தொடமாட்டோம். வழக்கமா காலையில வந்ததும் குடிச்சிடுவார். இன்னிக்கு மட்டும், 'பேசி முடிக்கிற வரைக்கும் தொண்டையில எதுவும் இறங்காது'ன்னுட்டார்."

"அப்புறம் யார் எடுத்துட்டுப் போய்க் கொடுத்தாங்க?"

"டீச்சரம்மா."

டீச்சர் நேராக உட்கார்ந்தார். கைகள் மடிமேல் இருந்தன. கேட்டதற்கு மட்டும் பதில்.

"கடைசியா மதிப்பீட்டுக்குப் போனது நீங்களா?"

"ஆமா."

"என்ன கிரேடு?"

"முதல் கிரேடு."

"அதுக்கு முன்னாடி ஹெச்.ஆர். மேடம் உங்ககிட்ட ஏதாவது சொன்னாங்களா?"

"எனக்குத்தான் கடைசின்னு சொன்னாங்க. சாரும் ஒரு வாரமா என் முகத்தைப் பார்த்தே பேசல. நான் இருக்கிறது கம்பெனி வீடு மேடம். நானும் என் பொண்ணும்தான். இந்த வருஷம் பள்ளிக்கூடம் முடிக்கிறா. வேலை போனா வீடும் போகும்."

"ஆனா போகல."

"போகல."

"காபி நீங்கதான் கொடுத்தீங்களா?"

"ஆமா. நல்லது சொன்னாரேன்னு கொண்டு போய்க் கொடுத்தேன்."

"சர்க்கரை போட்டதா, போடாததா?"

"போடாததுதான். அவருக்கு எப்பவும் அப்படித்தானே."

துருவி தலையாட்டி அனுப்பிவிட்டாள்.

சாயங்காலம் துணைக் கண்காணிப்பாளர் போனில் வந்தார். "இங்க பாரும்மா, சத்தம் போட்டவன் கையில இருக்கான். அலமாரியைக் குத்தினதுக்குச் சாட்சி இருக்கு. என்ன யோசனை? வெள்ளிக்கிழமை மாதாந்திரக் கூட்டம். முடியாத வழக்கெல்லாம் உன் பேருக்கு நேராத்தான் நிக்குது. உன் மதிப்பீடும் என் கையிலதான் இருக்கு, ஞாபகம் இருக்கா?"

"இருக்கு சார்."

"அப்புறம்?"

"நாளைக்குச் சொல்றேன் சார்."

மறுநாள் காலை பத்து மணிக்குத் தடயவியல் முடிவு வந்தது. கோப்பையில் விஷ உப்பும் இருந்தது, சர்க்கரையும் இருந்தது. எவர்சில்வர் டப்பாவிலும் சர்க்கரையோடு அதே உப்பு கலந்திருந்தது. கைரேகை மேலாளருடையது மட்டும். அது எதற்கும் உதவவில்லை. மூவருமே நாள் முழுக்கக் கையுறை மாட்டி வேலை செய்பவர்கள்.

"அப்ப டீச்சரம்மா தப்பிச்சாங்க," என்றார் ஏட்டு. "விஷம் டப்பாலேர்ந்து வந்திருக்கு. காபி கொண்டு போனவங்க என்ன பண்ணுவாங்க? அலமாரிகிட்ட நின்னது மைக்."

"நின்னான். ஆனா மேலாளர் கண்ணெதிர்ல நின்னான். அவர் பார்த்துக்கிட்டிருக்கும்போதே டப்பாவைத் திறந்து உப்பைக் கொட்டினானா?"

ஏட்டு மோவாயைச் சொறிந்தார்.

"இன்னொண்ணு," என்றாள் துருவி. "மதிப்பீடு முடிஞ்சப்ப மூணு பேர்ல ஒருத்தருக்கும் அவர்மேல கோபம் இல்ல. முடிஞ்சப்புறம் கொல்ல யாருக்கும் காரணம் இல்ல. முன்னாடி மூணு பேருக்குமே காரணம் இருந்தது."

அவள் வராந்தாவுக்கு நடந்தாள். தலை வலித்தது. காபி மெஷினில் சர்க்கரை இல்லாத பொத்தானை அழுத்தினாள். கோப்பை விழுந்தது, காபி நிரம்பியது. எடுத்துக்கொண்டாள். பின்னால் வந்த ஏட்டு சர்க்கரைப் பொத்தானை அழுத்தினார். கோப்பை விழுந்தது, காபி நிரம்பியது, கடைசியில் டக்கென்று ஒரு மரக்குச்சி வந்து கோப்பைக்குள் விழுந்தது.

துருவி தன் கோப்பையைப் பார்த்தாள். ஏட்டின் கோப்பையைப் பார்த்தாள்.

"எனக்குக் குச்சி வரலையே."

"உங்களதுல கலக்க என்ன மேடம் இருக்கு?"

அவள் காபியைக் குடிக்கவேயில்லை. அப்படியே மெஷின்மேல் வைத்துவிட்டு மனிதவள அதிகாரியின் அறைக்குப் போனாள்.

"மூணு பேருக்கும் தனித்தனியா 'உனக்குத்தான் கடைசி கிரேடு'ன்னு சொல்லியிருக்கீங்க."

ஹெச்.ஆர். மேடம் அசையவில்லை. "அது ஒரு நிர்வாக நடைமுறை. முன்கூட்டியே காதுல போட்டா சிலர் தானாவே ராஜினாமா பண்ணிடுவாங்க. கம்பெனிக்கும் சுமுகம், அவங்களுக்கும் கௌரவம்."

"மேலாளர் தன் பேரை எழுதினது உங்களுக்குத் தெரியும்."

"முந்தின நாள் சாயங்காலமே அனுப்பிட்டார். திருத்தச் சொல்லிப் பார்த்தேன். கேக்கல."

"அந்த மனுஷன் ஏன் ஒரு வாரமா யார் முகத்தையும் பார்க்கல தெரியுமா? வேலையை விட்டுப் போகப் போறதை மறைச்சுக்கிட்டு இருந்தார். அதைப் பார்த்தவங்க நீங்க சொன்னதை உண்மைன்னு நம்பிட்டாங்க." துருவி கொஞ்சம் நிறுத்தினாள். "குறிச்ச தேதிக்குள்ள மேலாளர் மதிப்பீடு கொடுக்கலன்னா என்ன ஆகும்?"

"போன வருஷ கிரேடே நிக்கும்."

"அது ஊழியர்களுக்குத் தெரியுமா?"

"விதிமுறையிலேயே இருக்கு. படிக்கிறவங்க படிச்சிருப்பாங்க."

எழுந்து வரும்போது துருவி மேலாளர் அனுப்பிய மூன்று மதிப்பீடுகளையும் கேட்டு வாங்கிப் படித்தாள். மூன்றாவதை இரண்டு தடவை படித்தாள்.

பதினோரு மணிக்குப் பரிசோதனைக் கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்தாள். ஹெச்.ஆர். மேடம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். மைக் ஒரு மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். இரவெல்லாம் காவல் நிலையத்தில் வைத்திருந்ததில் முகம் கறுத்துப் போயிருந்தது.

"டப்பாவில உப்பைக் கலந்தவங்க மதிப்பீட்டுக்கு முன்னாடியே கலந்துட்டாங்க," என்றாள் துருவி. "வழக்கம்போலக் காலையில வந்ததும் காபி குடிப்பார், மதிப்பீடு நின்னுடும், போன வருஷ கிரேடு தப்பிக்கும். இதுதான் கணக்கு. முந்தின நாளே அவர் எல்லாத்தையும் அனுப்பிட்டது அவங்களுக்குத் தெரியாது. ஆனா அன்னிக்கு அவர் காலையில குடிக்கல. மூணு பேரையும் கூப்பிட்டுப் பேசினார். மூணு பேருக்கும் நல்லது சொன்னார். உப்பைக் கலந்தவங்களும் அந்த மூணு பேர்ல ஒருத்தர்தான். எதிர்ல உட்கார்ந்து நல்லதைக் கேட்டுக்கிட்டிருக்காங்க. அவர் முதுகுக்குப் பின்னாடி அந்த டப்பா இருக்கு."

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். இந்தத் தடவை துடைக்கவில்லை.

"எடுத்து ஒளிக்க முடியாது. அவர் எழுந்து போனாத்தான் முடியும். வாயைத் திறந்து சொல்லவும் முடியாது. ஒரே வழிதான் இருந்தது. அவர் டப்பாவைத் தொடாதபடி பண்ணணும். அதுக்காக மெஷின்ல சர்க்கரை போட்ட காபியை எடுத்தாங்க. சர்க்கரை போட்டா மெஷின் குச்சி போடும். போடாட்டி குச்சி வராது. அந்தக் கோப்பையில குச்சி இருந்தது. பக்கத்துல அவரோட ஸ்பூனும் ஈரமா இருந்தது. ஒரு கோப்பைக் காபியைக் கலக்க எதுக்கு ரெண்டு?"

ஏட்டு கதவருகே நகர்ந்து நின்றார்.

"கொண்டு போனவங்க என்கிட்ட 'போடாததுதான்'னு சொன்னாங்க. கை தவறி வேற பொத்தானை அழுத்தியிருந்தா அதையே சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்ல." துருவி திரும்பினாள். "டீச்சர், அவர் சர்க்கரை பத்தலைன்னு சொன்னாரா?"

டீச்சர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"'சர்க்கரை போட்டே எடுத்தேன் சார்'னு சொல்லிக் கொடுத்தேன். வாங்கிக்கிட்டார். நான் வெளியில வந்து என் இடத்துல உட்கார்ந்துட்டேன். அவர் சாப்பிடப் போனதும் டப்பாவை எடுத்துடலாம்னு இருந்தேன். ஒரு வாய் குடிச்சார். கண்ணாடி வழியா என்னைப் பார்த்துச் சிரிச்சார். அப்புறம் திரும்பி டப்பாவை எடுத்தார்."

"நீங்க பார்த்தீங்க."

"பார்த்தேன்."

"ஒரு குரல் கொடுத்திருந்தா போதும்."

"வாயைத் திறந்தேன் மேடம். கொடுத்தா என்னாகும்னு ஒரு நிமிஷம் யோசிச்சேன். அதுக்குள்ள அவர் கலக்கிட்டார்." டீச்சரின் குரல் உடையவில்லை, அதுதான் கேட்கச் சகிக்கவில்லை. "நான் கொல்லணும்னு நினைக்கல. ரெண்டு நாள் ஆஸ்பத்திரியில படுத்தா தேதி தாண்டிடும்னு..."

"தினமும் அந்த உப்பை எடை போடறவங்க நீங்க," என்றாள் துருவி.



மைக் ஸ்டூலை விட்டு எழுந்தான். கத்துவான் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவன் மெதுவாகத்தான் பேசினான். "அக்கா, நான் ஒரு ராத்திரி பூரா ஸ்டேஷன்ல இருந்தேன். நீங்க வீட்டுல இருந்தீங்களா?"

"தூங்கல தம்பி."

"நானும் தூங்கல."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டான்.

ஹெச்.ஆர். மேடம் வராந்தாவுக்குப் போய்த் தலைமை அலுவலகத்தோடு பேசிவிட்டு வந்தார். ஏட்டு டீச்சரை அழைத்துக்கொண்டு வாசலுக்குப் போகும்போது, துருவியை ஓரமாகக் கூப்பிட்டார்.

"ஒரு சின்ன விஷயம். இறந்தவருக்கு கிரேடு செல்லாதுங்கிறாங்க. அதனால இந்தப் பிரிவுக்குக் கடைசி கிரேடை இவங்களுக்கே மாத்திடலாம். கைதான தேதியை மட்டும் எழுத்துல கொடுத்தீங்கன்னா கணக்கு நேராயிடும்."

துருவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். மூன்று பேர் காதில் விஷத்தை ஊற்றியவளைப் பிடிக்க எந்தச் சட்டப் பிரிவும் அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை. அன்று மதியம் மேலதிகாரியிடம் கேட்டுப் பார்த்தபோது, "அதெல்லாம் நம்ம வேலை இல்லம்மா. வழக்கு முடிஞ்சதா, நல்லது" என்று போனை வைத்துவிட்டார்.

ஜீப்பில் டீச்சர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மகளைத் தங்கை வீட்டில் கொண்டுபோய் விடச் சொல்லியாயிற்று. தொழிற்சாலை வாசலைத் தாண்டியதும் துருவியிடம் திரும்பினார்.

"மேடம், நீங்க சார் எழுதினதைப் படிச்சீங்களா?"

"படிச்சேன்."

"எனக்கு எழுதினதையும்?"

"ம்."

"அவர் எனக்குப் படிச்சுக் காட்டினார். என் காதுல ஒண்ணும் விழல. டப்பாவையே பார்த்துட்டிருந்தேன். முதல் கிரேடுன்னது மட்டும்தான் கேட்டது." டீச்சர் கைகளைப் பார்த்துக்கொண்டார். "நான் வேலைக்குச் சேர்ந்ததுலேர்ந்து என்னைப் பத்தி ஒருத்தரும் நல்லதா ஒரு வரி எழுதினதில்ல. என்ன எழுதியிருந்தார்?"

"தெரிஞ்சு என்ன பண்ணப் போறீங்க?"

"ஒண்ணும் பண்ணப் போறதில்ல."

ஏட்டு ஓட்டுநர் பக்கம் பார்வையைத் திருப்பிக்கொண்டார். துருவிக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. மறைத்தாலும் கேட்பார் இல்லை. ஆனாலும் சொன்னாள்.

"'இவர் யாருக்கும் தெரியாமலே மற்றவர்களின் பிழைகளைத் திருத்திவிடுகிறார். என் இடத்துக்கு இவரைப் பரிந்துரைக்கிறேன்.' அவ்வளவுதான்."

டீச்சர் தலையை அசைத்தார். ஜீப் ஒரு வளைவில் திரும்பியது.

"இன்னொரு தடவை சொல்லுங்க மேடம்," என்றார்.